பிரண்டைக்குக் கணு வந்த கதை

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது, ஆடுமாடுகளுக்கும் வாய் இருந்தது. வாய் இருந்தால் வம்பும் இருக்கும் அல்லவா? கொல்லைப்பக்கம் போனால் காது கொடுத்து நிற்க முடியாது. வேம்பு தன் கசப்பைப் பற்றிப் பெருமையடிக்கும். துளசி, "கும்பிட்டுட்டுக் கிள்ளு" என்று அதட்டும். கற்றாழை பேச ஆரம்பித்தால் வழவழவென்று இழுத்துக்கொண்டே போகும்.

இந்தக் கூட்டத்தில் பிரண்டையும் ஒன்று. இன்றைக்கு நாம் பார்க்கிற பிரண்டையை மறந்துவிடுங்கள். அன்றைய பிரண்டைக்குக் கணு கிடையாது, பட்டை கிடையாது. ஒரு கோடியில் வேர், மறு கோடியில் நாலு இலை, நடுவில் வேலி நீளத்துக்கும் உருண்டையாக ஒரே கொடி. தொட்டால் அரிக்காது. தின்றால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி சப்பென்று இருக்கும். எந்த நோய்க்கும் உதவாது. மற்றச் செடிகள் இதைச் சொல்லிக் கேலி செய்தால், "தலையில இருந்து கால் வரைக்கும் எம்மேல ஒரு முறிவு காட்டுங்க பாப்போம்!" என்று மார்தட்டும். சோலி இல்லாதவனுக்கு வீறாப்பு கொஞ்சம் ஜாஸ்தியாகத்தான் இருக்கும்.

அந்தப் பிரண்டை படர்ந்து கிடந்தது வெயிலுகந்தாள் வீட்டு வேலியில். செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் ஒரு சின்ன வீடு. அவள் புருஷன் தவசிமுத்து பனையேறி. ஊர்ப் பொதுவில் பன்னிரண்டு பனைகளை ஏறிக்கொண்டிருந்தான். அவன் இறக்கிவரும் பதநீரை வெயிலுகந்தாள் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவாள். அதுதான் பிழைப்பு. அதைவிட்டால் ஒரு வெள்ளாடு உண்டு. அது கொடுக்கிற பாலைவிடப் பேசுகிற பேச்சு அதிகம்.

ஒரு கார்த்திகை மாதம் ஓலை வெட்ட ஏறின தவசிமுத்து பாதி மரத்திலிருந்து விழுந்துவிட்டான். மணலில் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்துபோயிற்று. எலும்பு கட்டுகிற ஆசான் வந்தார். இழுத்து நேராக்கி, முட்டை வெண்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, துணி சுற்றி, நாலு பக்கமும் மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டினார்.

"அசையப்படாது. ஒரு மாசம் கழிச்சுப் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. மாசி பிறந்து எட்டு நாளைக்குள் பனையேறி மரத்தில் ஏறிக் கலயம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் மரம் அடுத்தவன் கைக்குப் போய்விடும். போனால் போனதுதான். அந்தப் பன்னிரண்டு மரமும் போய்விட்டால் தேரி மணலைத்தான் தின்ன வேண்டும் என்று வெயிலுகந்தாளுக்குத் தெரியும். நாள் எண்ணிக்கொண்டு இருந்தாள்.

இப்படி இருக்கையில் ஒருநாள் ஆடு, வேலியில் கிடந்த பிரண்டையின் நுனியைக் கடித்து இழுத்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்பார்கள். இங்கே ஆடு வேலியையே மேய்ந்தது. இழுத்த இழுப்பில் கொடி நடுவில் படக்கென்று ஒடிந்துவிட்டது. அதுவரை முறிவென்றால் என்னவென்று தெரியாத பிரண்டை போட்ட கூச்சலில் வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டன.

"ஐயோ, நான் ரெண்டாப் போயிட்டேனே! ஐயோ, ரெண்டாப் போயிட்டேனே!"

உள்ளே புருஷன் முனகல், வெளியே கொடியின் ஓலம். வெயிலுகந்தாளுக்கு எரிச்சலாக வந்தது. "சும்மா கிட. ஒனக்கும் ஒரு கட்டுப் போட்டாத்தான் வாயை மூடுவ போல" என்று, ஆசான் விட்டுப்போயிருந்த மூங்கிலில் நாலு சிராய் கீறி, ஒடிந்த முனைகளைச் சேர்த்துவைத்து, நாலு பக்கமும் சிராய் கொடுத்துப் பனைநாரால் கட்டினாள். கொடி வாயை மூட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு எண்ணமில்லை.

மார்கழியில் ஆசான் மறுபடி வந்தார். கட்டை அவிழ்த்து, எலும்பை விரலால் தடவிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

"இன்னும் ஒட்டலையே தாயி. உள்ள சதை பிடிக்கணும், பிடிக்கக் காணோம். நடக்க வச்சிரலாம். மரம் ஏறுததை இனிமே மறந்துர வேண்டியதுதான்."

தவசிமுத்து சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். ஆசான் போன பிறகு, "ஏளா, மரத்தை வேற யாரையாவது ஏறிக்கிடச் சொல்லிரு. பறிபோறதுக்கு முந்தி நாமளே குடுத்தா நமக்கும் மரியாதை" என்றான்.

"மாசிக்கு இன்னும் நாள் கிடக்கு. நீங்க சும்மா படுங்க" என்றாள் அவள்.

சொல்லிவிட்ட கையோடு வெளியே வந்தாள். கொல்லைக்குப் போய் ஒவ்வொரு செடியாகக் கேட்டாள். துளசி, தனக்குச் சளி தெரியும், எலும்பு தெரியாது என்றது. வேம்பு, "புண்ணுன்னா நான் பாத்துக்கிடுவேன். முறிவு எனக்கு ஆகாது" என்றது. கற்றாழைக்குச் சூடு தணிக்கத் தெரியுமாம், அதைச் சொல்லவே அரை நாழிகை எடுத்துக்கொண்டது. அத்தனை பேரும் உள்ளதைச் சொன்னார்கள், அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருந்தாலும் அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. அழுதால் கை ஓய்ந்துவிடும் என்று பயம்.

வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கையில் ஏதோ நெருடியது. பார்த்தால், பிரண்டைக்குப் போட்ட கட்டு. நாரை அவிழ்த்தாள். ஒடிந்த இடம் ஒட்டியிருந்தது. ஒட்டினது மட்டுமா? முன்னைவிடத் தடித்து, கல் மாதிரி ஒரு முடிச்சு விழுந்திருந்தது. முறுக்கிப் பார்த்தாள். மற்ற இடம் வளைந்தது, அந்த இடம் வளையவில்லை. மூங்கில் சிராய் அழுத்தின நாலு பக்கமும் நாலு பட்டை ஏறியிருந்தது.

"நீ எப்பிடி ஒட்டுன? எம் வீட்டுக்காரருக்கு ஒரு மாசமா ஒட்டல. ஒனக்குப் பத்து நாள்ல எப்பிடி ஆச்சு?"

"எனக்கென்ன தெரியும்? ஒடிஞ்ச ஒடனே மேலுக்கெல்லாம் புதுசா ஒரு சாறு ஊறிச்சு. அதுதான் ஒட்டிச்சு. இப்ப ஊறல" என்றது பிரண்டை.

"அந்தச் சாறு எனக்கு வேணும்."

"ஒடிஞ்சாத்தான் ஊறும்."

"அப்ப ஒடிக்கணும்."

"ஒருதரம் ஒடிஞ்சதுக்கே உயிர் போயி உயிர் வந்திருக்கு. போ போ, ஒன் சோலியைப் பாரு" என்று பிரண்டை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஆடு அசைபோட்டபடி புத்தி சொன்னது. "இதுக்குப் போயி கேட்டுக்கிட்டு நிக்கியே! நறுக்குன்னு ஒடிச்சிட்டுப் போவியா?"

"மனசில்லாம ஒடிச்சா நான் சாறை உள்ள இழுத்துக்கிடுவேன்" என்றது பிரண்டை.

வெயிலுகந்தாள் வேலியோரத்தில் உட்கார்ந்தாள். முதல் நாள் கெஞ்சிப் பார்த்தாள். இரண்டாம் நாள் திட்டிப் பார்த்தாள், அவள் திட்டினால் ஊர்க் கிணற்றடி வரைக்கும் கேட்கும். பிரண்டை அசையவில்லை. மூன்றாம் நாள் காலையில் பேசாமல் வந்து உட்கார்ந்தவள், வெயில் உச்சிக்கு ஏறியும் எழுந்திருக்கவில்லை. பிரண்டைக்கே பொறுக்கவில்லை.

"ஒனக்கு வேற சோலியே கிடையாதா?"

"இருக்கு. கஞ்சி காய்ச்சணும், தண்ணி எடுக்கணும், அவியளைத் தூக்கி உக்கார வைக்கணும். அத்தனையும் கிடக்கத்தான் இங்க உக்காந்திருக்கேன்."

பிரண்டை யோசித்தது. "சரி. வலிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. சம்மதிக்கேன்."

வெயிலுகந்தாள் வீட்டுப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒரு பொய்தான், சொல்லிவிட்டால் காரியம் முடிந்தது. உள்ளே முனகுகிற புருஷனை நினைத்தாள். அந்த முனகலைக் கேட்டவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"வலிக்கும்" என்றாள். "நாளைக்கும் வலிக்கும், மறுநாளும் வலிக்கும். ஒரு மண்டலத்துக்கு, நாப்பத்தெட்டு நாள், தெனமும் ஒடிப்பேன். ஆனா நான் ஒடிச்ச ஒவ்வொரு எடத்தையும் நானே கட்டுவேன். ஒண்ணைக் கூட விடமாட்டேன். அதுக்கு மேல எங்கிட்டக் குடுக்கதுக்கு ஒண்ணுமில்ல."

வேலியில் அத்தனை செடியும் பேச்சை நிறுத்திவிட்டன. கற்றாழைகூட.

"இதுவரைக்கும் எங்கிட்ட யாரும் எதையும் கேட்டதில்ல" என்று பிரண்டை மெல்லச் சொன்னது. "நுனியில இருந்து ஆரம்பி. நான் கண்ணை மூடிக்கிடுதேன்."

அவள் ஒடித்தாள். ஒரு விரல்நீளத் துண்டை எடுத்துக்கொண்டு, மீந்த இரண்டு முனையையும் சேர்த்து, நாலு சிராய் வைத்துக் கட்டினாள். எடுத்த துண்டில் பாதியை அரைத்துப் புருஷன் காலில் பூசினாள், பாதியைத் துவையலாக்கிக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. பிரண்டை ஒவ்வொரு நாளும் ஒரு சத்தம் போடும், அவள் கட்டி முடிக்கிறவரை பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும். கட்டு விழுந்த இடமெல்லாம் முடிச்சு விழுந்தது, கொடி முழுக்க நாலு பட்டை ஏறியது. பத்துப் பதினைந்து நாளில் தவசிமுத்து, "ஏளா, கால்ல உள்ளுக்குள்ள குறுகுறுங்குது" என்றான். அதைக் கேட்டு அவள் அடுப்படிக்குள் போய்த் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியவள் குடத்தைக் கீழே போட்டாள். கொடியில் பாதிக்குமேல் காணோம். ஆடு வேலியோரம் நின்று மென்றுகொண்டிருந்தது. கூடவே தெரு ஆடுகள் மூன்று, பந்திக்கு வந்ததுபோல.

"ஏ மூதி! என்ன காரியம் செஞ்சிட்ட!"

"முன்னாடி சப்புன்னு இருந்துச்சு. இப்ப என்னா ருசி! நீதான சாறு ஏத்தி வச்ச?" என்றது ஆடு, கொஞ்சமும் கூசாமல். "சொந்தக்காரங்களுக்கும் சேதி சொல்லியிருக்கேன்."

அவள் கம்பை எடுத்து விரட்டினாள். ஆட்டைக் கட்டிப்போட்டாள், அது கயிற்றைத் தின்றுவிட்டு வந்தது. ஊர் ஆட்டையெல்லாம் யார் கட்டிப்போடுவது? பிரண்டை மீதி ஏழெட்டு முழம்தான் இருந்தது. "முப்பது முறிவைத் தாங்கிட்டேன் தாயி. இதை என்னால தாங்க முடியாது" என்று விசும்பியது. இன்னும் பதினெட்டு நாள் பாக்கி.

வேலிக்கு அப்பால் செந்தட்டி ஒன்று நின்றது. பட்டால் உடம்பெல்லாம் தடித்து அரிக்கும் என்று அதன் பக்கம் யாரும் போகமாட்டார்கள். வெயிலுகந்தாள் போனாள்.

"எங்கிட்ட ஒரு ஆள் வந்து நின்னு பேசி எத்தனை வருசமாச்சு!" என்று செந்தட்டி பூரித்துப்போயிற்று. "என்ன வேணும், சொல்லு."

"ஒன் அரிப்புல கொஞ்சம் எம் பிரண்டைக்குக் குடு."

"தாராளமா. யாரு தொட்டா அரிக்கணும்?"

அப்போது பார்த்து வெள்ளாடு தன் சொந்தபந்தத்தோடு வேலியை நெருங்கிக்கொண்டிருந்தது. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவள் ஆட்டைப் பார்த்துக்கொண்டே, "யாரு தொட்டாலும்!" என்று கத்தினாள்.

"யாரு தொட்டாலுமா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யாரா இருந்தா என்ன? சீக்கிரம்!"

செந்தட்டி தன் இலையால் பிரண்டையை மேலிருந்து கீழ்வரை தடவிவிட்டது. ஆடு வந்து ஒரு வாய் கடித்தது. அடுத்த கணம் அது குதித்த குதியை அந்தத் தெரு ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்தது. நாக்கை மண்ணில் தேய்த்துக்கொண்டு ஓடியது. மற்ற மூன்றும் கடிக்காமலே ஓடின.

வெயிலுகந்தாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைய துண்டை ஒடித்தாள், கட்டினாள். உள்ளே வருவதற்குள் கையெல்லாம் அரித்தது. 'சரி, போகட்டும்' என்று துவையல் அரைத்துக் கொடுத்தாள். தவசிமுத்து ஒரு வாய் வைத்தான். நாக்கைப் பிடித்துக்கொண்டு அலறினான்.

"ஆடு தின்னுரும்னு சொல்லி என்னையும் சேத்துக் கொல்லப் பாக்கியா? நான் நொண்டியாவே கெடந்துட்டுப் போறேன். எனக்கு வேண்டாம்!"

அப்போதுதான் அவளுக்குத் தன் வாய்த்தவறு உறைத்தது. யார் தொட்டாலும் என்றால் புருஷனும்தானே! செந்தட்டியிடம் ஓடினாள். "குடுத்த அரிப்பைத் திரும்ப வாங்கி எங்க பரம்பரையில பழக்கமில்லையே" என்று அது வருத்தப்பட்டது. அது பொய் சொல்லவில்லை, உண்மையாகவே வருத்தப்பட்டது.

திரும்பி வந்தவள் புருஷன் எதிரில் உட்கார்ந்தாள். துவையலில் ஒரு பெரிய உருண்டை உருட்டித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். நாக்கு தடித்தது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. நிறுத்தாமல் மென்று விழுங்கினாள்.

"எனக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான் இருக்கு" என்றாள், குழறிக் குழறி. "நானே திங்கேன். நீங்க திங்கமாட்டியளா?"

தவசிமுத்து அவளைப் பார்த்தான். பிறகு தட்டை இழுத்துக்கொண்டான்.

ஐந்து நாள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து அழுதுகொண்டே தின்றார்கள். பார்த்தவர்கள் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ பெரிய சண்டை என்று நினைத்திருப்பார்கள். ஆறாம் நாள் நாக்கு அரிப்புத் தாளாமல் அவள் அடுக்களைக்கு ஓடி, குழம்புக்குக் கரைத்து வைத்திருந்த புளித்தண்ணீரைத் தம்ளர் நிறைய மடமடவென்று குடித்தாள். அரிப்பு சட்டென்று அடங்கியது. "அட, இம்புட்டுத்தானா!" என்று கத்தியே விட்டாள். மறுநாள் பிரண்டையை நல்லெண்ணெயில் வதக்கி, புளி வைத்து அரைத்தாள். சத்தமில்லாமல் இறங்கியது. ருசியாக வேறு இருந்தது. புருஷன் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு வந்து ஒடிக்கிற நாளில் கை அரிக்காததையும் கவனித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு கையில் எண்ணெய் தடவாமல் கொடியைத் தொடவில்லை.

மாசி பிறந்தது. நாற்பத்தெட்டாவது துண்டும் முடிந்த அன்று ஆசான் வந்தார். கட்டை அவிழ்த்துத் தடவினார். மறுபடி தடவினார்.

"முறிஞ்ச எடத்துல கணு மாதிரி விழுந்திருக்கே. இதை மறுபடி ஒடிக்கணும்னா உலக்கை வேணும்!" என்றார். "மரம் ஏறலாமான்னு கேக்காதே. அதை மரத்துக்கிட்டத்தான் கேக்கணும்."

எட்டாம் நாள் வரைக்கும் அவன் தட்டுத் தடுமாறி நடந்து பழகினான். கெடு முடிகிற எட்டாம் நாள் விடியற்காலையில் இரண்டு பேரும் தேரிக்குப் போனார்கள். தவசிமுத்து காலில் தளைநாரை மாட்டிக்கொண்டு மரத்தைக் கட்டிப்பிடித்தான். அப்படியே நின்றான்.

"பயமா இருக்கு வெயிலு."

"எனக்கும்தான் இருக்கு. ஏறுங்க."

ஏறினான். வலது காலை ஊன்றும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது. மூடவில்லை. அவன் உச்சிக்குப் போய்ப் பாளையில் கலயத்தைக் கட்டிவிட்டு இறங்கினான். இரண்டாம் மரம், மூன்றாம் மரம். உச்சிவெயிலுக்குள் பன்னிரண்டு மரத்திலும் கலயம் தொங்கியது. கடைசி மரத்திலிருந்து அவன் இறங்கியதும், அவள் மண்டியிட்டு அந்தக் காலைத் தொட்டுப் பார்த்தாள். கணுவைத் தொட்டாள். கார்த்திகையிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக வேலிக்குப் போனாள். பிரண்டையின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். மூங்கில் சிராய் எடுபட்டது, பட்டை எடுபடவில்லை. நார் அவிழ்ந்தது, கணு அவிழவில்லை.

"என்னால ஒன் அழகு போச்சே" என்றாள்.

"அழகா? நல்லாப் பாரு தாயி" என்றது பிரண்டை. "முன்னால எனக்கு ஒரே வேர், ஒரே கொத்து இலை. ஆடு ஒரு இழுப்பு இழுத்தா என் கதை முடிஞ்சுது. இப்ப என்ன ஆயிருக்குன்னு பாரு."

அவள் குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு கணுவிலும் ஒரு இலை துளிர்த்திருந்தது. தரையைத் தொட்ட கணுவிலெல்லாம் வேர் பிடித்திருந்தது.

"இனிமே நீ கட்டிவிட வேண்டாம். ஒடிக்கிறவங்க எடுத்தது போக ஒரு கணுவை மண்ணுல போட்டாப் போதும். மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்."

வெயிலுகந்தாள் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு, கணுக் கணுவாக ஒடித்து, தெருவில் வீட்டுக்கு ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தாள். கொடுக்கும்போதே எண்ணெயையும் புளியையும் மறக்காமல் சொன்னாள். செந்தட்டிக்கும் ஒரு சேதி சொல்லிவிட்டு வந்தாள், அது யாராவது பேச வருவார்களா என்று பார்த்துக்கொண்டே நின்றது பாவம்.

அன்று முதல்தான் பிரண்டைக்கு நாலு பட்டையும் கணுவும் வந்தன. அன்று முதல்தான் எண்ணெய் தடவாத கையைப் பிரண்டை அரிக்கிறது, புளி சேர்க்காத நாக்கைக் கடிக்கிறது. ஒடித்தவர்கள் ஒரு கணுவையாவது வேலியோரம் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம், குழி தோண்ட வேண்டாம், அது பிழைத்துக்கொள்ளும். நீங்களே போய்ப் பாருங்கள், அதற்கு வேர் விடுவதும் இலை விடுவதும் முறிந்த இடத்தில்தான்.